ஜெயித்தவர்கள் வெளியே

எழுபதுகளில் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கென்று ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. கேப்டன் உட்பட ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் பட்டு நெய்கிறவர்கள். நான் மட்டும் ஒரு கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. எனக்குப் பந்தும் வராது, ஓட்டமும் வராது. வாய் மட்டும் நன்றாக வரும் என்பதால் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

ஊரில் வருடா வருடம் எட்டு அணிகளுக்கு ஒரு போட்டி நடக்கும். நாக்-அவுட் முறை, ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மதராஸ் அணிகள் வாட்டசாட்டமாக, கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு வந்து இறங்கும். முதல் நாள் காலையிலேயே நாங்கள் தோற்றுவிடுவோம். சொந்த ஊரில் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது? அன்றைய மிச்சப் பொழுதெல்லாம் ஜெயித்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டு நிற்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேப்டனுக்கு வேறு கவலை. தாமலில் விவசாயம் பார்க்கும் அவனுடைய மாமனாருக்கு, கல்யாணமான மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு ஓடுவது பிடிக்கவில்லை. "செமிஃபைனல்னு ஏதோ சொல்றாங்களே, அதுல ஆடுங்க மாப்ள. நானே வந்து பாக்கறேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

அந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு பிடி பிடித்தேன். "ஒரு இழை அறுந்துச்சுன்னா முடிச்சு போட்டு மேல நெய்யறமா, இல்ல தறியில இருக்கற பாவு நூல் மொத்தத்தையும் அறுத்துத் தெருவுல எறியறமா? ஒரு ஆட்டம் தோத்தவனை மட்டும் ஏன்யா வெளிய தள்றீங்க?"

கூட்டத்தில் பாதிப் பேர் நெசவுக்காரர்கள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. தலைவர் பட்டுக்கடைக்காரர், அவரும் அசந்துபோய் லீக் முறைக்கு ஒப்புக்கொண்டார். பிரிவுக்கு நான்கு அணிகள், ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் செமிஃபைனலுக்கு. கேப்டன் என்னைத் தோளில் தூக்காத குறை.

போட்டி வழக்கம்போல அமாவாசையன்று தொடங்கியது. அன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தெருவே திரண்டு வந்து கத்தியது. என்ன ஆனதோ, மதராஸ் வங்கி அணி ஒன்றை நாங்கள் ஜெயித்துவிட்டோம்! கடைசிப் பந்தைக் கூடையில் போட்டது கேப்டன்தான். சாயங்கால பஸ்ஸிலேயே தாமலுக்குச் சேதி போயிற்று.

மறுநாள் காலை மைதானத்தில் நானும் கேப்டனும் மட்டும் நின்றோம். கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கியிருந்தன. மற்றவர்கள் எல்லோரும் தறியில். அவர்களுக்குப் பாவு கொடுக்கும் முதலாளியிடம் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"செமிஃபைனல்னா நானே தறியை நிறுத்திட்டு அனுப்பறேன்பா. லீக் மேட்சுக்கெல்லாமா லீவு? பொண்ணு வீட்டுக்காரங்க பொடவைக்கு வந்து உக்காந்துக்கினு இருக்காங்க" என்றார்.

சாயங்காலம் ஆடலாம் என்றால் மைதானத்தில் விளக்கு கிடையாது. ஐந்து பேர் சேராததால் அன்றும் அடுத்த நாளும் எதிரணிகள் ஆடாமலே ஜெயித்தன. மூன்று ஆட்டம் என்றால் மூன்று நாள் வேண்டும் என்பது, கைதட்டிய நெசவுக்காரர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அமாவாசையோடு எங்கள் ஆட்டம் முடிந்தே பழகிவிட்டது. எங்களிடம் தோற்ற வங்கி அணியோ மிச்ச இரண்டையும் ஜெயித்து உள்ளே போய்விட்டது. முறையில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

செமிஃபைனலன்று மாமனார் வெளுத்த வேட்டியில் வந்து இறங்கினார். எங்கள் வெற்றியைக் கேள்விப்பட்டவர் மற்றதைக் கேள்விப்படவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வங்கி அணியின் ஆட்டம் தொடங்கியது. கேப்டன் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்த ஒசரமானவங்கதானே மொத நாளு நம்ம மாப்ளகிட்ட தோத்தாங்க?"

"ஆமாங்க."

"அப்ப அவங்க உள்ள ஆடிக்கினு இருக்காங்க, மாப்ள வெளிய நிக்கறாரு?"

பிரிவு, புள்ளி, தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"முன்ன மாதிரியே வுட்டிருந்தா?"

"மொத ஆட்டம் ஜெயிச்சதுமே செமிஃபைனல்தாங்க."

"அதை யாருப்பா மாத்தினது?"

எங்கள் பக்கம் உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்த கேப்டன் அதைக் கேட்டுவிட்டான்.

"கமிட்டிதான் மாமா" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே பந்தை வங்கிக்காரனிடம் கொடுக்கப் போனான்.