பேத்தைக்கு நல்ல தண்ணீர்

மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். ஆனாலும் ஒரு மீனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது செங்கல்பட்டில், ஒரு டாக்டர் வீட்டு முன்னறையில்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விடவில்லை என்று அம்மா என்னை மாமல்லபுரத்தில் பஸ் ஏற்றிக் கூட்டிப் போயிருந்தாள். நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன மீன்கள். எங்கள் குப்பத்தில் மீன் என்றால் மணலில் துடிக்கும், கூடையில் கிடக்கும், குழம்பில் கொதிக்கும். வேலைவெட்டி இல்லாமல் உலாத்தும் மீனை அன்றுதான் பார்த்தேன். ஊசி குத்தியதுகூட உறைக்கவில்லை. நமக்கும் இதுபோல் ஒன்று வேண்டும் என்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"கடலே வாசல்ல கீது. உனக்குத் தொட்டி ஒண்ணுதான் கேடா?" என்றாள் அம்மா.

அம்மா தலைக்கூடை மீன் விற்பவள். கோயில் பக்கத்து டீக்கடைக்கும் அவள்தான் வாடிக்கையாக மீன் கொடுப்பாள். பன்னும் பிஸ்கட்டும் அடுக்கி வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்று, கதவு போய், அந்தக் கடையின் பின்புறம் கவிழ்ந்து கிடந்தது. நான் தினமும் போய் அதன் பக்கத்தில் நின்றேன். கடைக்காரருக்கே எரிச்சலாகி, தூக்கிக்கொண்டு போய்த் தொலை என்று கொடுத்துவிட்டார். கதவு இருந்த பக்கம் மேலே வரும்படி நிமிர்த்தி வைத்தால் தொட்டி தயார் என்று நான் போட்ட கணக்கு, முதல் குடம் தண்ணீரிலேயே வழிந்தோடியது. நாலு மூலையும் ஒழுகிற்று. படகுப் பலகை இடுக்கில் பூசுவதற்கு நைனா குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி வைத்திருந்த பசையை எடுத்து அப்பினேன். பசையில் பாதி என் பாவாடையில் ஒட்டியது. பாவாடைக்காக அம்மாவிடமும் பசைக்காக நைனாவிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஒழுகல் நின்றது. அடியில் மணலும் சங்கும் போட்டு, கடல் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். எங்கள் ஊரின் முதல் மீன் தொட்டி! நான் கட்டியது.

குடியிருக்க வந்தது ஒரு பேத்தை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தொட்டால் வயிற்றை உப்பிக்கொண்டு பந்தாகிவிடுமே, அந்த மீன். விஷம், யாரும் தின்ன மாட்டார்கள். கரைவலையில் வந்தால் மணலில் வீசிவிடுவார்கள். பையன்கள் அதைக் காலால் மிதித்து 'டப்'பென்று வெடிக்க வைப்பார்கள். அப்படி என் அண்ணன் மிதிக்கப் போன எலுமிச்சம்பழம் அளவு பேத்தையைத்தான் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

நைனா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வளக்கறதுன்னு ஆச்சி, அதுலயும் பேத்தையா? ஊரு சிரிக்கும். செத்து நாறிச்சின்னா பொட்டியோட வெளிய கடாசிடுவேன், ஆமா."

அது சாகவில்லை. நண்டும் நத்தையும் போட்டால் முன்பற்களால் கடக் கடக்கென்று உடைத்துத் தின்றது. ஒரு கண்ணால் என்னையும் இன்னொரு கண்ணால் அண்ணனையும் ஒரே நேரத்தில் பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் உள்ளே நுழைந்தால் கண்ணாடியில் வந்து மூக்கை ஒட்டிக்கொள்ளும். அண்ணன் வந்தால் திரும்பிக்கொள்ளும். மிதிக்க வந்தவனை மறக்கவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

வெயில் காலம் வந்தது. தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. இறங்க இறங்க நான் கடலிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து விளிம்பு வரை நிரப்பினேன். ஒரு நாள் தவறவில்லை. என்னைப்போல் பொறுப்பானவள் இந்தக் கடற்கரையில் உண்டா என்று எனக்கே தோன்றும். பேத்தைக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை போலிருக்கிறது. முதலில் தீனியைத் தொடாமல் விட்டது. பிறகு நிறம் கறுத்து, மணலில் வயிற்றைப் பதித்துப் படுத்துவிட்டது. நான் கூப்பிட்டும் வரவில்லை.

நைனா எட்டிப் பார்த்தார். "உசுரு இளுத்துகினு கீது. காலைல கடல்ல வுட்டுடறேன். அளுவாத," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அழுதுகொண்டே தொட்டியைப் பிடித்தபடி நின்றேன். விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. தொட்டித் தண்ணீரையும் தொட்டு நக்கினேன். கடல் தண்ணீரைவிடக் கரித்தது, கசந்துகூட இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த மாமா வீட்டுக்கு ஒவ்வொரு லீவுக்கும் போவேன். அங்கே பாத்தியில் கடல் தண்ணீரை விடுவார்கள், வெயில் குடிக்கும், மறுபடி விடுவார்கள், மறுபடி வெயில் குடிக்கும். வெயில் தண்ணீரைத்தான் குடிக்கும், உப்பைத் தொடாது. கடைசியில் பாத்தி நிறைய உப்பு நிற்கும். இத்தனை நாளும் நான் மீன் வளர்க்கவில்லை, உப்பு விளைவித்துக்கொண்டிருந்தேன். போனது வெறும் தண்ணீர் என்றால், ஊற்ற வேண்டியதும் வெறும் தண்ணீர்தானே?

அம்மாவிடம் சொன்னேன். சவுக்குத் தோப்புக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த குடத்தை அவள் அப்போதுதான் இறக்கி வைத்திருந்தாள்.

"கடல் மீனுக்கு எவளாவது நல்ல தண்ணி ஊத்துவாளா? இருக்கற உசுரும் பூடும்டி!"

அண்ணனும் அதையேதான் சொன்னான். குப்பத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கடலில் பிறந்ததற்குக் கடல் தண்ணீர். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, நேற்றுவரை எனக்கும் வந்ததில்லை. அம்மா அடுப்படிக்குப் போனதும், தொட்டியிலிருந்து கொஞ்சம் மொண்டு வெளியே கொட்டிவிட்டு, குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினேன். செத்தால் நான்தான் கொன்றேன் என்று ஆகும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு செம்பு. இருட்டும்வரை இதே வேலை.

காலையில் நைனா பேத்தையை அள்ளிப் போக ஒரு சட்டியோடு வந்து தொட்டிமேல் குனிந்தார். பேத்தை விருட்டென்று மேலே வந்து அவர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. பசி! நான் குதித்த குதியில் அண்ணன் எழுந்துவிட்டான். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னாடி பண்ணே?" என்று கேட்டார். பாத்தி, வெயில், உப்பு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். தொட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்துச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சபாஷ் என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். பேத்தைக்கான தண்ணீரை நானே சுமந்து வர வேண்டும். அப்படியே ஒரு சின்னக் குடத்தில் தினமும் தோப்பிலிருந்து கொண்டுவந்து தொட்டிப் பக்கத்தில் மூடி வைத்தேன். சுடுமணலில் கால் பொரியும். அந்தத் தண்ணீருக்குத்தான் வந்தது வினை.

நைனா யாரையாவது கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். முதல் நாள் மீன் ஏலம் விடுகிறவர். "வெயிலு இன்னா போடு போடுது. வா, வூட்டாண்ட வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ," என்று அழைத்து வந்து, பெரிய குடம் அடுப்படியில் இருக்க, என் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். அடுத்த நாள் ஐஸ் வண்டிக்காரர். பிறகு பஸ் கண்டக்டர். ஒருமுறை ஊர்த் தலைவரே வந்தார். வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைக் கையில் வைத்தபடி தொட்டி முன்னால் வெகுநேரம் நிற்பார்கள். நைனா தொட்டியைப் பார்க்க மாட்டார், அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னொரு செம்பு குடியேன்," என்பார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டில் தண்ணீர் இல்லையா? ஒருநாள் குடத்தைப் பரணில் ஒளித்து வைத்தேன். நைனா தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சவுக்குத் தோப்புக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த பெரியவர் வந்து, நான் காலைச் சுட்டுக்கொண்டு தூக்கி வந்த தண்ணீரில் ஒரு செம்பைக் குடித்துவிட்டுப் போனதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மகள் பாடு தெரியாத மனிதர் என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து வெகுநாள் நான் நைனாவோடு பேசவே இல்லை.