குழாய்க்குள் இருந்த காற்று

குமுளி மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். அது துளியும் எதிர்ப்பில்லாமல் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கால் ஒருவழியாக நின்றேன். அதன்பின் ஏறவே தைரியம் வரவில்லை. லோயர் கேம்ப் வரை தள்ளிக்கொண்டே வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ஏற்றிக் கம்பம் வந்து சேர்ந்தேன்.

என் சைக்கிளில் பிரேக்குக்குக் கம்பி கிடையாது; குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்தான் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும். என் மனைவி நர்ஸ். எங்கோ எண்ணெய் கசிகிறது போல என்று நான் சொன்னதும் குழாயைச் சுத்தமாகத் துடைத்தாள். ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, பிரேக் பிடியை அழுத்தி, அது அப்படியே நிற்க ரப்பர் பேண்டால் கட்டினாள். சற்று நேரத்தில், பிரேக் பிடிக்குள் குழாய் நுழையும் இடத்துக் காகிதத்தில் மட்டும் கடுகளவு ஈரம் தெரிந்தது.

"இங்கனதான் ஒழுகுது" என்றாள்.

நட்டைக் கழற்றினேன். உள்ளே பித்தளை வளையம் கோணலாக நசுங்கியிருந்தது. புதியது வாங்கி வந்து மாட்டினேன். அவள் சிரிஞ்சில் பிரேக் எண்ணெயை எடுத்துக் கீழிருந்து மெல்ல ஏற்றினாள். மேலே குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன.

"காத்து இருந்தா அதுதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. எண்ணெய் நசுங்காதுங்க."

கடைசிக் குமிழி வரும்வரை அவள் கண் அசையவில்லை. மூடியை இறுக்கியதும் என்னைச் சைக்கிளில் உட்காரச் சொன்னாள்.

"ரெண்டு விரலால பிடிங்க."

பிடித்தேன். பின்னாலிருந்து இரு கைகளாலும் முழு பலத்தோடு தள்ளினாள். முன்சக்கரம் இம்மியும் நகரவில்லை. குழாய்க்குள் இருந்த எண்ணெய் ஒரு கரண்டிகூட இருக்காது. விரலை எடுக்க மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.