நாலாவது வீல் கப்

கல்யாண நாளன்று கார் கழுவப் போகாதீர்கள். முதல் நாளே முடித்துவிடுங்கள். நான் பட்டது போதும்.

ஆனையிறவுப் பக்கம் இருக்கும் பேரின்பம் அண்ணையிடம் ஒரு பழைய ஏ போட்டி (A40) கார் உண்டு. தான் மாப்பிள்ளையாய்ப் போன கார் என்று மழை இருட்டினாலே அதை வெளியே எடுக்கமாட்டார். மகனின் கல்யாணத்தன்று காலை, பரந்தனில் சேர்விஸ் ஸ்ரேசன் வைத்திருக்கும் என்னை வீட்டுக்கே கூப்பிட்டார்.

"தம்பி, வீல் கப் நாலும் முகம் பாக்கிற மாதிரி மினுங்கவேணும்."

சில்லின் நடுவை மூடுகிற நிக்கல் மூடிதான் வீல் கப். கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் பல வருசச் சேறு, ஒரு வயலே கிடந்தது. அந்தச் சேறும் உப்புக் காற்றும் சேர்ந்துதான் கறள் என்கிற துருவைத் தொடங்கிவைக்கும். சாம்பலும் பழப்புளியும் குத்துவிளக்குக்குச் சரி, நிக்கலைக் கெடுத்துவிடும். சவுக்காரத் தண்ணீர், பழைய பல் தூரிகை, மெல்லிய துணி, அவ்வளவுதான்.

"உள்ளுக்க ஆர் பாக்கப்போகினம்? கெதியா முடியுங்கோ" என்றார் அண்ணை.

எனக்கு அந்தக் கதை பிடிக்காது. உள்ளும் புறமும் கழுவித் துடைத்து, வெளிப்பக்கம் வக்ஸ் பூசி மினுக்கி, விறாந்தைப் பாயில் வைத்துவிட்டு ரயர் கழுவப் போனேன். அதே பாயில் சம்பந்தி வீட்டாருக்குக் கொண்டுபோகும் தட்டங்களும் இருந்ததை நான் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தால் தட்டங்களோடு பெண்கள் வான் வண்டியில் போய்விட்டார்கள். பாயில் மூன்று கப்தான்.

"மூண்டு கப்போட என்ர பொடியன் மாப்பிள்ளையாப் போறதோ?" அண்ணை பாயின் ஓரத்தைத் தூக்கி அடியிலும் தேடினார். பார்க்கவே பாவமாக இருந்தது. நல்ல நேரம் நிற்காதே. கப் இல்லாத சில்லை மதில் பக்கமாக விட்டு நிற்பாட்டலாம் என்று ஆறுதல் சொல்லி, மூன்றையும் பூட்டிவிட்டு நானும் காரில் ஏறினேன்.

கிளிநொச்சி மண்டப வாசலில் பெண்ணின் தாய் தட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தார். பலகாரத் தட்டம், வெற்றிலைத் தட்டம், அடுத்தது எங்கள் வீல் கப். மல்லாந்து கிடந்த அதன் வயிறு நிறையக் கதலிப்பழம். தட்டம் ஒன்று குறைந்த அவசரத்தில் யாரோ மாமி எடுத்திருக்கிறார். அது இரு கைகளில் ஏந்தப்பட்டு மணவறைக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தது.

அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, உள்ளுக்கும் கழுவினனீங்களோ?"

"கழுவினனான் அண்ணை."

"வடிவாவோ?"

"சவுக்காரம் போட்டு."

அதற்குப் பிறகுதான் மனுசன் மூச்சு விட்டார்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் தாய் எங்களைத் தேடி வந்தார். "அந்தப் பழத்தட்டம் நல்ல பாரமா, வடிவா இருக்கு. எங்க வாங்கினனீங்கள்? நாலாம் நாள் சடங்குக்கு இன்னும் மூண்டு வேணும்."

"அது காரோட வந்தது சம்பந்தி" என்றார் அண்ணை.

ஆகவே உள்பக்கத்தையும் கழுவுங்கள். மற்ற மூன்றையும் நான் அன்றே திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று.