இரண்டு பக்கமும் கால் போட்டு

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த புதிதில், எனக்கும் மனைவிக்கும் இடையில் இருந்த ஒரே சண்டை என் மோட்டார் சைக்கிள்தான். தொழிற்சாலைக்கு நான் அதில்தான் போய் வருவேன். அங்கே குளிர் தொடங்கும் மே மாதக் காலையில் கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று சிவப்பு விளக்கில் நிற்கும்போது அசைத்துப் பார்க்க வேண்டும். சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் பழைய பேப்பரைச் செருகினால் நெஞ்சில் குளிர் ஏறாது. அந்தக் குளிர் எனக்குப் பிடிக்கும், வெட்கமில்லாமல் சொல்கிறேன். தெருவில் உதிர்ந்து கிடக்கும் இலைகள் என் வண்டிச் சில்லுக்குப் பின்னால் கிளம்பிப் பறக்கும்போது வாயில் தானாகப் பாட்டு வரும்.

அவளுக்கோ அது எமவாகனம். "சனிக்கிழமை ஒராள் பாக்க வருது. இதை வித்துப்போட்டு ஒரு பழைய கார் எண்டாலும் வாங்குங்கோ" என்றாள். தெருமுனைக் கடைக்காரரிடம் சொல்லி ஆள் பிடித்ததும் அவள்தான். நான் தலையாட்டினேன். ஆனால் மனம் கேட்கவில்லை. இரண்டு இரவு சரியாகச் சாப்பிடவுமில்லை.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைக்கான நேர்முகம். பட்டுச்சேலை கட்டி, பொட்டு வைத்து வெளிக்கிட்டு நின்றவளுக்கு, அன்று ரயில் ஓடாது என்று ரேடியோ சொன்னது. அவள் என்னைப் பார்த்தாள். நான் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் ஹெல்மெட்டை இரவல் வாங்கி வந்தேன். அது அவளுக்கு அண்டா மாதிரி இருந்தது.

ஊரில் சேலை கட்டியவர்கள் ஏறுவது போல ஒரு பக்கமாகத்தான் ஏறி உட்கார்ந்தாள். இருவருக்கும் வேறு முறை தெரியாது. பாதி வழியில் போலீஸ்காரர் மறித்தார். இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் நடக்கலாம் என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அவள் அழப்போகிறாள் என்றே நினைத்தேன். "உங்கட வேலை உடுப்பு பையிலை கிடக்கெல்லோ?" என்று கேட்டாள். பையோடு எதிரிலிருந்த பெட்ரோல் செட்டின் கழிப்பறைக்குள் போனவள், கிறீஸ் கறை படிந்த என் நீல ஓவரோலில் திரும்பி வந்தாள். கால்கள் மூன்று மடிப்பு, கக்கத்தில் பட்டுச்சேலை, நெற்றியில் பொட்டு. போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிரிச்சியளோ, நான் நடந்தே போவன்."

நான் சிரிக்கவில்லை. என் நெஞ்சிலிருந்த பேப்பரில் பாதியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைச் செருகிக்கொண்டு, காலை வீசிப் போட்டு ஏறினாள். முதல் வளைவில் அவளுடைய நகங்கள் என் விலாவில் இறங்கின. அடுத்த வளைவில் பிடி தளர்ந்தது. ஆற்றோரச் சாலை பள்ளத்தில் இறங்கும்போது வேகம் போதவில்லை என்று காதுக்குப் பின்னால் குரல் கேட்டது. "இன்னும் கொஞ்சம் கெதியாப் போங்கோவன்!"

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடி சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போதே முகத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை முதல் வேலை.

சனிக்கிழமை சொன்னபடி ஆள் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் சாவியை நீட்டப் போனபோது, குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து அதை வாங்கிக்கொண்டாள். விற்பதாக இல்லை என்று அவனிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? மத்தியானம் கடை பூட்டிப்போடுவாங்கள். எனக்கு அளவா ஒரு ஹெல்மெட் வேணும்."