கோடு முடிந்த இடம்

காணி வழக்குக்காகக் கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு அலைந்த நாள்களில்தான் அந்த மீன்காரரைக் கண்டேன். கொக்கிளாய்க்காரர். வெயிலில் கறுத்த முகம், இஸ்திரிப் பெட்டி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டு. வாய் திறக்கமுன் கழுத்துச் சிலுவையை ஒருதரம் தொட்டுக்கொள்வார்.

பரந்தன் சந்தியில் வண்டி நிறுத்தக்கூடாது என்று தெருவோரம் போட்ட மஞ்சள் கோடு பாதியில் நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனதற்குப் பொலிஸ் அவருக்குத் தண்டம் எழுதியிருந்தது.

"ஒத்துக்கொண்டு கட்டிப்போட்டுப் போங்கோவன் அண்ணை. எல்லாரும் அப்பிடித்தானே," என்றேன்.

சிலுவையைத் தொட்டார். "களப்பிலை தடி நட்டிருக்கிற மட்டுந்தான் தம்பி ஒருத்தன்ரை இடம். தடி முடிஞ்சால் ஆரும் வலை போடலாம். கோடு முடிஞ்ச இடத்திலை விட்டது என்ன பிழை?"

தவணைக்குத் தவணை தொழிலை விட்டுவிட்டு வந்தார். அதற்குள் யாரோ மீதிக் கோட்டையும் கீறிவிட்டார்கள். கடைசித் தவணையில் பொலிஸ் காட்டிய படத்தில் கோடு முழுசாய்ப் பளபளத்தது. இவரிடம் பழைய படம் எதுவும் இல்லை.

வெளியே வந்தவர் சிலுவையைத் தொடவில்லை. "ஆளைப் பிடிச்சுப்போட்டுக் கோட்டைக் கீறியிருக்கிறாங்கள்," என்றார்.

இப்போது அந்தச் சந்தியில் எவருக்கும் குழப்பமில்லை. கோட்டைக் கீறவைத்த மனிதர்தான் அதற்குத் தண்டமும் கட்டினார்.