பச்சப்புள்ள

என் மேசைக் கணினியின் திரையில் இன்றும் அதே புள்ளிகள்தான். தேறுவார் என்றால் பச்சை, தவறுவார் என்றால் சிவப்பு. வருகைப்பதிவையும் இன்டர்னல் மதிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு, கணக்கில் யார் யார் பெயிலாவார்கள் என்பதை அந்தப் புரோகிராம் செமஸ்டரின் பாதியிலேயே சொல்லிவிடும். சிவப்பைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. பச்சையைப் பார்த்தால்தான் பயம். எல்லாம் படிக்கிற காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெஞ்சுக்காரியால்.

நான் இப்போது பாடம் நடத்தும், சிவகாசியை ஒட்டிய இதே கல்லூரியில் நாங்கள் படித்தபோதுதான் கணக்குத் துறைத்தலைவர் அந்தப் புரோகிராமைக் கொண்டுவந்தார். விருதுநகர் மிளகாய் மண்டிக் குடும்பத்துப் பெண்மணி. நல்லவர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். எங்களுக்கு அது கேலிக்கு உதவியது. பச்சை விழுந்தவர்களைப் 'பச்சப்புள்ள' என்று கூப்பிட்டோம். அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் என் பெஞ்சுக்காரி. ஒருநாள்கூட லீவு போடமாட்டாள். அவளுடைய அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார். வெறும் வீட்டில் இருக்க முடியாமல்தான் அவள் தினமும் வந்தாள். வருகைப்பதிவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

ஒரு முற்பகல், இன்டர்னல் தேர்வின் நடுவே எங்கோ வெடித்த சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நாரணாபுரம் பக்கம்டி!" என்று யாரோ கத்தினாள். என் அம்மா வேலைபார்க்கும் ஊர். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி வகுப்பே ஓடியது. வாசலில் திரும்பிப் பார்த்தேன். என் பெஞ்சுக்காரி தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் யாரைத் தேடி ஓடுவாள்?

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மாவை அழைத்தால் மணி எங்கள் வீட்டில்தான் அடிக்கும் என்று தெரிந்தும், ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அழைத்துக்கொண்டே இருந்தேன். வெடித்தது பக்கத்துக் கம்பெனி. ரோட்டோரம் நின்றிருந்த அம்மா, "பரிச்சைய விட்டுட்டு எதுக்குடி வந்த?" என்று ஏசினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் எனக்குச் சிவப்பு. பாதியில் விட்ட தேர்வுக்கு சைபர். ஆத்திரத்தோடு துறைத்தலைவரிடம் போனேன். என் பெஞ்சுக்காரியும் கூட வந்தாள். "அது காரணமெல்லாம் கேக்காதும்மா. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாசுக்கு வா, பாஸாகிருவ" என்றார் அவர்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "மேடம், நானும் வாரேன். அன்னைல இருந்து ஒண்ணும் மண்டைல ஏற மாட்டேங்கு. போர்டைப் பாத்தா அந்தச் சத்தந்தான் கேக்கு."

துறைத்தலைவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாரு, நீ பச்சை. ஓடாம இருந்து எழுதுன பிள்ளை. உனக்கு எதுக்கும்மா?" என்று அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

"சரிங்க மேடம்" என்றாள் அவள்.

ஸ்பெஷல் கிளாஸ் புண்ணியத்தில் நான் தேறினேன். அவள் செமஸ்டர் தேர்வில் வெறும் தாளை நீட்டிவிட்டு எழுந்து போனாள். பிறகு வரவே இல்லை. துறைத்தலைவர் அவள் வீட்டுக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். கதவைப் பாதி திறந்து, "வேண்டாம் மேடம்" என்றாளாம்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அச்சாபீசில் பட்டாசு லேபிள் அடுக்குகிறாளாம். சீசன் நேரம், மூச்சுவிட நேரமில்லையாம். நான் இங்கே ஆசிரியை என்றதும் சிரித்தாள். "அந்தப் புள்ளியெல்லாம் இன்னும் இருக்காடி?" என்று கேட்டாள். தலையாட்டினேன். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவள் திரும்பி, சிரிப்பு மாறாமலே சொன்னாள்: "பச்சப்புள்ளையத் தனியா விட்டுட்டீகளேடி."

இன்று காலை திரை முழுக்கப் பச்சை. முதல் பெயருக்குரிய பெண்ணை வரச் சொன்னேன். "நான் பாஸுன்னுதான மேடம் காட்டுது, எதுக்குக் கூப்பிட்டீக?" என்று மிரண்டுபோய் நின்றாள்.

"சும்மாதான். உட்காரும்மா" என்றேன்.