ஆளுக்கொன்று

அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பிரித்த அன்று சித்தி தன் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நடுவில் எழுப்பிய சுவர் இன்னும் ஈரம் காயவில்லை. சித்தி இந்தப் பக்கம் அளந்தாள், அந்தப் பக்கம் அளந்தாள், சந்தேகம் தீராமல் திரும்ப இந்தப் பக்கம் வந்து அளந்தாள்.

"அக்கா பக்கம் ரெண்டு விரல் கூட இருக்கு."

"அது பூச்சு கனம்மா," என்றார் கொத்தனார், கையைக் கழுவிக்கொண்டே. "உங்க பக்கம் சுவர் கொஞ்சம் கோணல். அதனால ரெண்டு பூச்சு."

"அப்ப அவங்க பக்கமும் ரெண்டு பூசுங்க."

பூசினார்கள். அப்பா சிரித்துக்கொண்டே அதற்கும் சேர்த்துக் கூலி கொடுத்தார். அன்றுதான் தம்பி மனைவிக்கு 'ஜட்ஜம்மா' என்று பேர் வைத்தார். சித்திக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கோபித்துக்கொள்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த தரம் அவர் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருப்பாள்.

பொறாமைக்காரி என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. அம்மா புதுப் புடவை கட்டினால் சித்திக்கு மூக்கில் வியர்த்துவிடும். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கிய நாள் அவள் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே தவணையில் ஒன்று வாங்கினாள், அதே நிறத்தில். ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவள். கல்யாணம் ஆகும்வரை அவள் உடுத்தியதெல்லாம் மூத்தவர்கள் உடுத்திக் கழித்தது. அதனால்தான் தையல் கற்றுக்கொண்டேன் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "எனக்குன்னு வெட்டின துணியை நான் போட்டுப் பார்க்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஆனால் அவளுடைய பொறாமையில் ஒரு ஒழுங்கு உண்டு. அம்மாவைவிடக் கூடுதலாக அவள் எதையும் கேட்டதில்லை. சரிபாதி இருந்தால் போதும். சித்திக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான். என்னையும் அவள் பாதி போட்டிருந்தாள். ஒருநாள் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்றால் மறுநாள் அவள் வீட்டில். கல்லூரியில் சேர்ந்தபோது கட்டணத்தில் பாதியை அவளே கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள்.

"எதுக்கு இது?" என்றாள் அம்மா.

"நாளைக்கு இவ பெரிய ஆளானா உங்க பொண்ணுன்னு மட்டும் சொல்லிக்கக் கூடாதில்ல."

அதிலிருந்து என்னைக் 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவாள். "காலேஜ், இந்த ஊசியில நூல் கோத்துக் கொடு. படிச்ச கண்ணுக்குத் தெரியுதான்னு பார்ப்போம்."

அவளுடைய முன்னறையில் மூன்று மெஷின்கள் இருந்தன. ஒன்று மோட்டார் வைத்த தையல் மெஷின், ஒன்று துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக், ஒன்று பழைய மிதி மெஷின். கடைவீதியில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பாள். மூன்றும் அவள் ஒவ்வொன்றாகச் சம்பாதித்து வாங்கியவை. சித்தப்பா வேன் ஓட்டிக் கொண்டுவருவது வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். வீடு ஓடியது அந்த மெஷின்களால்தான்.

அவளால் பாதி போட முடியாத ஒரே ஒரு பொருள் எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவின் காப்பீட்டு அட்டை. தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்தது. அதைக் காட்டினால் கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் படுக்கலாம். அம்மாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது பார்க்க வந்த சித்தி, நோயாளியைப் பார்க்கவேயில்லை. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலையணை உறையைத் தடவினாள். "எனக்கெல்லாம் வந்தா வராந்தாதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெருந்தொற்று வந்தபோது பள்ளிகள் மூடின, சீருடை வேலை நின்றது. வேனும் நின்றது. சித்தி மிஞ்சிய சட்டைத் துணியில் முகக்கவசம் தைத்து விற்றாள். இரண்டாவது அலையில் நோய் எங்கள் சுவர் தாண்டி வந்தது. பின்கட்டும் குழாயும் மட்டும் பொதுவாக விடப்பட்டிருந்தன. சாயங்காலமானால் அண்ணன் தம்பி இருவரும் அங்கே உட்கார்ந்து ஒரே செய்தித்தாளை ஆளுக்கொரு பக்கமாகப் படிப்பார்கள். இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல்.

அப்பாவை வண்டியில் ஏற்றும்போதுகூட அவருக்குப் பேச்சு குறையவில்லை. "பாத்தியா ஜட்ஜம்மா, காய்ச்சலைக்கூட உனக்குச் சமமாப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கேன்."

"பேசாதீங்க மாமா, மூச்சு வாங்குது," என்றாள் சித்தி. பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

அப்பா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனார். சித்தப்பாவுக்கு அரசு மருத்துவமனையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் கிடைத்தது. அம்மா தனியார் மருத்துவமனையின் வாசலில், வாகனம் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரையும் விடவில்லை. அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. நான் இரண்டு இடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"அங்க என்ன கொடுக்கிறாங்க?" என்று சித்தி ஒவ்வொரு முறையும் கேட்பாள். நலமா என்று கேட்கமாட்டாள், என்ன கொடுக்கிறார்கள் என்றுதான். ஒரு ஊசியை வரிசையாகப் போடுகிறார்கள் என்று சொன்னேன். ஊசியின் பேரைச் சொல்லச் சொன்னாள். வாய்க்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு நர்ஸிடம் போனாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு அது தேவையில்ல," என்றார் நர்ஸ். கவச உடைக்குள் அவர் முகம் வெந்துபோயிருந்தது. "அவருக்கு ஆக்சிஜன் நல்லா நிக்குது. இப்படியே போனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அவர் அண்ணனுக்குப் போடறாங்களே?"

"அவருக்கு வேணும், போடறாங்க. ஒருத்தருக்குக் கண்ணாடி போட்டா வீட்டுல எல்லாருக்குமா போடுவாங்க?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இல்லாதவங்களுக்குச் சொல்ற பேச்சு இது. கையில கார்டு இருந்தா தேவைப்படும், இல்லேன்னா தேவைப்படாது."

நான் எடுத்துச் சொன்னேன். டாக்டரும் சொன்னார். அவள் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேவையில்லை என்று சொல்லியே அவளுக்கு எல்லாம் இல்லாமல் போயிருந்தது. இதை மட்டும் அவள் எப்படி நம்புவாள்?

அந்த ஊசி கடையில் கிடைக்காது. கடைக்குப் பின்னால், அநியாய விலைக்குக் கிடைத்தது. சித்தி மூன்று மெஷின்களையும் சீருடைக் கடைக்காரருக்கே விற்றாள். முன்னறையில் மெஷின்கள் நின்ற இடம் மட்டும் தரை வெளுப்பாகத் தெரிந்தது. வந்த பணத்துக்கு இரண்டு ஊசிதான் கிடைத்தது. பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் அவற்றை வைத்து, மடியில் இடுக்கிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். போடமாட்டோம் என்று டாக்டர் மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார். சித்தி எழுந்திருக்கவில்லை.

நான் பக்கத்தில் இருந்தபோதுதான் அம்மா போன் செய்தாள். இரைச்சலில் கேட்காமல் ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன்.

"இங்க ஸ்டாக் தீர்ந்துடுச்சாம்மா. இன்னும் ரெண்டு ஊசி பாக்கி. வெளியில எங்கயாவது வாங்கிட்டு வாங்கன்னு கையை விரிச்சிட்டாங்க. கார்டுல இருந்த பணமும் தீர்ந்துபோச்சாம். நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

போனை வைத்தேன். சித்தி பிளாஸ்கை மடியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்ன பார்க்கிறே?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"கேக்கணும்னா வாயைத் திறந்து கேளு."

"சித்தப்பாவுக்குத்தான் வேண்டாங்கிறாங்களே."

"இன்னிக்கு வேண்டாம்பாங்க. நாளைக்கு இவருக்கு மூச்சு இழுத்தா ஓடிவந்து வேணும்பாங்க. அப்ப நான் யார் வாசல்ல போய் நிப்பேன்? மெஷினா இருக்கு விக்கிறதுக்கு?"

கட்டிலில் சித்தப்பா கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறாரா, கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. சித்தி அவரைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து ஒன்றை எடுத்தாள். ஈரத்துணியில் சுற்றினாள். என் கையில் வைத்து அழுத்தினாள்.

"ஆளுக்கொண்ணு. இதுக்கு மேல என்கிட்ட கேக்காதே காலேஜ். நான் ஒண்ணும் தெய்வம் இல்ல."

நான் ஓடினேன். அந்த ஒன்றை அப்பாவுக்குப் போட்டார்கள். இன்னொன்றுக்காக அம்மாவும் நானும் பேர் தெரியாத ஆட்களுக்கெல்லாம் போன் செய்தோம். கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பா போய்விட்டார். பாக்கிப் பணத்தைக் கட்டும்வரை உடலைத் தரவில்லை. வீட்டில் எங்கள் பாதியை அடகு வைத்துக் கட்டினோம். உறையில் சுற்றி, வண்டியில் ஏற்றி, தூரத்திலிருந்து காட்டினார்கள். அது அப்பாதான் என்று அவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டோம்.

சித்தப்பா அதற்கடுத்த வாரம் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஒரு ஊசியும் போடாமல்.

அம்மா யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டு நான் கண்டதில்லை. அது அந்த வீட்டில் சித்தியின் வேலையாக இருந்தது. இப்போது அம்மாவிடம் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா இருமுவார், நீளமாக, ஓய்ந்து ஓய்ந்து. அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த இருமல்கூடத் தன் வீட்டில் இல்லையே என்பதுபோல் அவள் முகம் இருக்கும். பின்கட்டுக் கொடியில் சித்தப்பாவின் சட்டை காய்ந்தால், அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீர் பிடித்துவிட்டு வருவாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சித்தப்பா "அம்மாடி" என்று கூப்பிட்டால், அப்பாவின் குரல் மாதிரியே இருப்பதற்காக அவர்மேல் எரிச்சல் வந்தது.

சித்திக்கு இது தெரியாமலா இருக்கும்? பொறாமையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுகிறவள். சட்டைகளை வீட்டுக்குள்ளேயே காயப்போட ஆரம்பித்தாள். அவளுக்கு இப்போது வேலை அந்தத் துணிக்கடையில்தான், நாள் கூலிக்கு. தான் விற்ற மெஷினிலேயே உட்கார்ந்து தைக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் படியில் இருந்தேன்.

"சட்டையை ஏன் உள்ளே காயப்போடறே? நான் பார்த்தா நூல் நூலாப் பிரிஞ்சிடுமா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"என்ன இல்ல? உன் கண்ணை நான் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன். என் கண்ணை உன்னால ரெண்டு மாசம் பொறுக்க முடியலையா?"

சித்தி வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த இன்னொண்ணு என்ன ஆச்சு?"

இன்னொன்று இருந்ததை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சித்தப்பாவாகத்தான் இருக்கும்.

"கெட்டுப்போச்சுக்கா," என்றாள் சித்தி. "பனிக்கட்டி கரைஞ்சு சூடாயிடுச்சு. கொட்டிட்டேன்."

"அம்மா," என்று நான் இறங்கி வந்தேன். "அதையும் போட்டிருந்தாலும் நிலைமை மாறியிருக்காதுன்னு டாக்டரே சொன்னார்."

"நீ சும்மா இரு. உன்னை யாரும் கேக்கல." அம்மா சித்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உனக்கு மனசு எப்படி வந்துச்சு?"

"வரலக்கா," என்றாள் சித்தி. "ஒண்ணைக் கொடுக்கவே எனக்கு மனசு வரல. உங்களுக்கு எல்லாம் இருந்துச்சு. அறை இருந்துச்சு, டாக்டர் இருந்தாங்க. எனக்கு அந்த ரெண்டு ஊசிதான் இருந்துச்சு. அதுலயும் ஒண்ணு போயிட்டா இவரும் போயிடுவார்னு நினைச்சேன்."

வாளி நிரம்பி வழிந்தது. அம்மா குனிந்து குழாயை மூடினாள். நிமிரும்போது அவள் குரல் வேறாக இருந்தது.

"என் கையில ரெண்டு இருந்திருந்தா நான் ரெண்டையும் வச்சிக்கிட்டிருப்பேன். தம்பி அங்க மூச்சுக்குத் தவிச்சிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். இத்தனை நாளா அதைத்தான் நினைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

சித்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்காக ஆறிடுச்சுன்னு நினைக்காதே. உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. இன்னும் ரொம்ப நாள் எரியும்."

"எரியட்டும்க்கா," என்றாள் சித்தி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்தி, தோளெல்லாம் குலுங்க, கூச்சமே இல்லாமல் அழுதாள். அம்மா அவளைத் தொடவில்லை. விலகியும் போகவில்லை.

உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. "என்னாச்சு? யாரு அங்க?" கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போகலாமா கூடாதா என்று தெரியாதவள்போல அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னைத்தான் கூப்பிடறார்," என்றாள் அம்மா. "போ."

சித்தி உள்ளே போனாள். அந்தப் பக்கம் இருமல் அடங்கும்வரை அம்மா குழாயடியிலேயே நின்றிருந்தாள்.